எத்தனால் பெட்ரோலும் வரிச்சலுகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இ20 பெட்ரோல், அதாவது கரும்பு, தானியத்திலிருந்து எடுக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலை 20 சதவீதம் கலந்த பெட்ரோல் என்றாலே மெக்கானிக் கடையில் இன்ஜினைப் பற்றித்தான் பேச்சு. மைலேஜ் குறையுமா, ரப்பர் குழாய் ஊறிப்போகுமா, கார்புரேட்டர் வண்டி தாங்குமா என்று. எனக்கு அதைவிட ஒரு கணக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது: எத்தனாலுக்காக அரசு விட்டுக்கொடுக்கிற வரி கடைசியில் யார் கைக்குப் போகிறது? இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எத்தனாலுக்கு அப்படி என்னதான் சலுகை?

ஒன்றல்ல. பெட்ரோலில் கலப்பதற்காக விற்கும் எத்தனாலுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இருந்ததை 2018 ஜூலையில் 5 ஆக்கினார்கள். கலந்த பெட்ரோலுக்குத் தனியாகக் கலால் வரி கிடையாது, அதாவது அதிலுள்ள பெட்ரோல் பங்குக்குக் கலால் வரியும் எத்தனால் பங்குக்கு ஜிஎஸ்டியும் கட்டியிருந்தால் போதும். புதிதாக எத்தனால் ஆலை கட்ட வங்கிக் கடன் வாங்கினால் 6 சதவீதமோ அல்லது வட்டியில் பாதியோ, எது குறைவோ அதை அரசு ஏற்கும், ஐந்து வருடத்துக்கு. இதுவும் 2018-ல் வந்ததுதான். 2023 அக்டோபரில் மொலாசஸுக்கான, அதாவது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகுக்கான ஜிஎஸ்டியை 28-லிருந்து 5-க்கு இறக்கினார்கள்.

சலுகை மட்டுமல்ல, பிரம்பும் உண்டு. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் கலால் வரி என்று 2022 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இவற்றோடு எத்தனாலின் கொள்முதல் விலையையும் அரசே நிர்ணயிக்கிறது, அது வரி இல்லை என்றாலும் இதே கணக்கில்தான் வரும்.

ஜிஎஸ்டி 18 ஆனால் என்ன, 5 ஆனால் என்ன? எண்ணெய் நிறுவனம் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளப் போகிறது.

கழிக்க முடியாது, விஷயமே அதுதான். பெட்ரோல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. விற்கும் பொருளுக்கு ஜிஎஸ்டி இல்லாததால் வாங்கும் எத்தனாலுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழிக்க வழி இல்லை, அது அப்படியே செலவாக உட்கார்ந்துவிடும். எத்தனால் விலை லிட்டருக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 18 சதவீதத்தில் 11 ரூபாய் 70 காசு, 5 சதவீதத்தில் 3 ரூபாய் 25 காசு. எட்டு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். பார்வைக்குச் சின்ன மாற்றம், ஆனால் கலப்பு வேகம் பிடித்த காரணங்களில் இது முக்கியமானது என்பது என் கருத்து.

எத்தனால் கலக்கும் திட்டம் 2003-லேயே வந்துவிட்டதே. பத்து வருடம் ஏன் படுத்துக் கிடந்தது?

2003 ஜனவரியில் 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவீதக் கலப்போடு தொடங்கியது. 2013-14-ல் நாடு முழுக்க எட்டியது 1.5 சதவீதம். விலை கட்டுப்படியாகாததால் ஆலைகள் விற்கவில்லை, சாராயத் தொழிற்சாலைகளும் ரசாயனத் தொழிற்சாலைகளும் அதே ஆல்கஹாலுக்கு நல்ல விலை கொடுத்தன. அப்புறம் மாநிலங்கள். ஆல்கஹால் என்றாலே மாநிலத்தின் ஆயத்தீர்வை வருமானம், எல்லை தாண்டும் ஒவ்வொரு டேங்கர் லாரிக்கும் பர்மிட், கட்டணம், முத்திரை என்று இழுபறி. தொழிற்சாலை ஆல்கஹால் யார் அதிகாரத்தில் வருகிறது என்ற சண்டை 2024 அக்டோபர் வரை ஓடியது. ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 8-க்கு 1 என்ற கணக்கில் மாநிலங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது.

2014 டிசம்பரில் அரசு மீண்டும் விலையை நிர்ணயிக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 2022 ஜூனில் 10 சதவீதம். 2023-24-ல் 14.6. 2025 ஜூலை வாக்கில் 19 தாண்டிவிட்டது. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை இடையில் 2025-26 என்று முன்னுக்கு இழுத்திருந்தார்கள்.

அரசுக்கு இதனால் எவ்வளவு வரி போகிறது?

2025 ஏப்ரலில் 2 ரூபாய் ஏறியபின் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய அரசின் வரி 21 ரூபாய் 90 காசு ஆனது, இங்கே வரும் கணக்கெல்லாம் அந்த விகிதத்தில்தான். இ20 ஒரு லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்பதால் 4 ரூபாய் 38 காசு வராது, அதற்குப் பதில் ஜிஎஸ்டியாக அறுபது எழுபது காசு வரும். வருடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் கோடி லிட்டர் எத்தனால் கலக்கிறார்கள். அத்தனையும் பெட்ரோலாக இருந்திருந்தால் சுமார் 21,900 கோடி ரூபாய் கலால் வரி வந்திருக்கும், கிடைப்பது மூவாயிரத்துச் சொச்சம் கோடி ஜிஎஸ்டி. இது என் பேனாக் கணக்கு, பட்ஜெட்டில் இப்படி ஒரு வரி இருக்காது. விட்டுக்கொடுத்த வரிக்கு இருக்கிற வசதியே அதுதான், செலவு மாதிரி யார் கண்ணிலும் படாது.

இழப்பு பெரும்பாலும் மத்திய அரசுக்குத்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த 21.90-ல் மாநிலங்களோடு பகிரும் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே, மற்றதெல்லாம் செஸ், சிறப்பு வரி என்று டெல்லியிலேயே தங்கிவிடுகிறது. மாநிலத்தின் விற்பனை வரியான வாட், பங்க்கில் விற்கும் முழு லிட்டருக்கும் விழுகிறது. தமிழ்நாட்டில் 13 சதவீதமும் அதன்மேல் 11 ரூபாய் 52 காசும்.

இவ்வளவு வரி விட்டுக்கொடுத்தும் பங்க்கில் ஏன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை?

எனக்கும் இந்தக் கோபம் இருந்தது, எண்களைப் பார்த்தபின் கோபம் வேறு பக்கம் திரும்பியது.

2021-ல் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் ஒரு செயல்திட்ட அறிக்கை வெளியிட்டது. 20 சதவீதக் கலப்பில் மைலேஜ் குறையும் என்று அதிலேயே ஒப்புக்கொண்டு, அதை ஈடுகட்ட இ10, இ20 எரிபொருளுக்கு வரிச்சலுகை கொடுத்து நுகர்வோருக்கு விலையைக் குறைக்கலாம் என்று யோசனையும் சொன்னது. அப்போது எத்தனால் பெட்ரோலைவிட மலிவு. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் இதற்குப் பதில் சொன்னது: எத்தனாலின் சராசரிக் கொள்முதல் விலை, போக்குவரத்தும் ஜிஎஸ்டியும் சேர்த்து, 2025 ஜூலை 31 நிலவரப்படி லிட்டருக்கு 71 ரூபாய் 32 காசு, சுத்திகரித்த பெட்ரோலின் அடக்கவிலையைவிட அதிகம், ஆகவே குறைக்க எதுவும் இல்லை.

அதாவது கலால் வரியில் விடும் அந்த 21.90 பங்க் வரைக்கும் வருவதே இல்லை, எத்தனாலுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விலை இடைவெளியை அடைப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. எத்தனால் விலையை உயர்த்துவதும் அரசுதான், உயர்ந்துவிட்டது, அதனால் உங்களுக்குத் தர ஒன்றுமில்லை என்பதும் அரசுதான். எத்தனால் மலிவாக இருந்த வருடங்களில் மட்டும் குறைத்தார்களா என்றால், அப்போதும் இல்லை.

மைலேஜ் குறைவால் எனக்கு எவ்வளவு செலவு?

ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலில் இருக்கும் வெப்ப ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. நிதி ஆயோக் கணக்கில், பழைய வகைக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் இறங்கும், இரு சக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4, இ20-க்கென்றே அளவமைத்த கார்களுக்கு 1 முதல் 2.

என் ஸ்கூட்டர் மாதம் 900 கிலோமீட்டர் ஓடுகிறது, 20 லிட்டர் போடுகிறேன். கூடுதலாக முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எழுபது ரூபாய் சொச்சம். சரி, ஒரு வேளை டிபன் காசு. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் பழைய கார், லிட்டருக்கு 15 கொடுப்பது, 6 சதவீதம் இறங்கினால் நாலு லிட்டருக்கு மேல் கூடுதலாகப் போட வேண்டும், 400 ரூபாய்க்கு மேல். அந்த நாலு லிட்டரிலும் மத்திய வரியும் வாட்டும் சேர்ந்து ஏறக்குறைய 150 ரூபாய் வரி இருக்கிறது. மைலேஜ் இறங்குவதாலேயே அரசுக்குக் கொஞ்சம் வரி திரும்பி வருகிறது, யாரும் திட்டமிட்டது இல்லை என்றே நம்புகிறேன்.

எத்தனால் இல்லாத பெட்ரோல் கேட்டு நீதிமன்றம் போனார்களே?

போனார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது.

கட்டாயம் என்று சட்டம் போட்டாலே போதுமே, வரிச்சலுகை எதற்கு?

இதற்கு அமெரிக்காவில் ஒரு நிஜப் பரிசோதனையே நடந்தது. அங்கே 1978-லேயே எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கலால் வரி விலக்கு வந்தது. பின்னாளில் அது வரிக்கழிவாக மாறி ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) எத்தனாலுக்கு 51 சென்ட், 2009 முதல் 45 சென்ட் என்று, கலக்கும் நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். வெளிநாட்டு எத்தனால் உள்ளே வராமலிருக்க 54 சென்ட் இறக்குமதி வரியும் வைத்தார்கள், முக்கியமாக பிரேசிலை மனதில் வைத்து. இடையில் 2005-லும் 2007-லும் இவ்வளவு கேலன் கலந்தே ஆக வேண்டும் என்று சட்டமும் வந்துவிட்டது. எப்படியும் கலக்க வேண்டியவனுக்குக் கலந்ததற்காகப் பணம், வருடத்துக்கு ஏறக்குறைய 600 கோடி டாலர்.

2011 டிசம்பர் 31 அன்று கழிவும் இறக்குமதி வரியும் இரண்டுமே காலாவதியாகின. தொழில் படுத்துவிடும் என்றார்கள். 2012-ல் வறட்சி, மக்காச்சோள விளைச்சல் அடிவாங்கியது, உற்பத்தி கொஞ்சம் இறங்கியது, 2014-ல் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. கட்டாயச் சட்டம் இருக்கும்போது அந்த வரிக்கழிவு ஒரு லிட்டர்கூடப் பெரிதாகக் கூட்டவில்லை, வேறு பைக்குப் பணம் மாற்றியதுதான் மிச்சம்.

இந்தியாவில் கொஞ்சம் வேறு மாதிரி. இங்கே கலப்பவர்கள் பெரும்பாலும் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள், அரசு சொன்னால் கலப்பார்கள். கலால் சலுகையை எடுத்தால் கலப்பு நிற்காது, ஆனால் யாராவது அந்தச் செலவைச் சுமக்க வேண்டும், அது பங்க் விலையாகத் தெரியும். சலுகையை எடுக்காமல் வைத்திருப்பதற்கு அது ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

இந்த மாதிரிச் சலுகைகளை ஏமாற்றுவார்களா?

ஏமாற்றவே வேண்டாம், சட்டத்தை ஒழுங்காகப் படித்தாலே போதும். அமெரிக்காவில் பயோடீசலுக்கு கேலனுக்கு ஒரு டாலர் கழிவு இருந்தது, சாதா டீசலுடன் கலந்தால் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து பயோடீசல் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும், அதில் துளி டீசலை ஊற்றி டாலரை வாங்கிக்கொண்டு கப்பல் அப்படியே ஐரோப்பாவுக்குப் போய்விடும். அமெரிக்க லாரி ஒன்றில்கூட ஒரு சொட்டு எரியாது. 2008-ல் ஓட்டையை அடைத்தார்கள், 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்கப் பயோடீசல் மேல் தண்டவரி போட்டது.

இன்னொன்று இதைவிட அழகு. காகித ஆலைகளில் மரக்கூழ் காய்ச்சும்போது மிஞ்சும் கறுப்புக் கழிவுத் திரவத்தை அவர்கள் பல பத்தாண்டுகளாகத் தங்கள் கொதிகலனிலேயே எரித்துவந்தார்கள். மாற்று எரிபொருளை டீசலுடன் கலந்தால் கேலனுக்கு 50 சென்ட் என்று சட்டம் சொன்னதும், சும்மா எரிந்துகொண்டிருந்த அந்தத் திரவத்தில் கொஞ்சம் டீசலை ஊற்ற ஆரம்பித்தார்கள்! டீசலைக் குறைக்க வந்த சலுகை டீசலைச் சேர்க்க வைத்தது. 2009 ஒரே வருடத்தில் பல நூறு கோடி டாலர் போனது.

கரும்பு விவசாயிக்கு நல்லதுதானே?

ஆமாம், அதை மறுக்கக்கூடாது. சர்க்கரை விற்றுக் காசாக ஆலைக்கு மூன்று மாதமும் ஆகும், பதினைந்து மாதமும் ஆகும். எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் மூன்று வாரத்தில் பணம் கொடுத்துவிடுகின்றன. ஆலையில் காசு புரண்டால் கரும்புக் கிரயம் தேங்காது. நிலுவைக்காகக் கலெக்டர் அலுவலக வாசலில் உட்கார்ந்த குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் இன்று இதைக் கரும்புத் திட்டம் என்று சொல்வது பழைய பேச்சு. 2025-26 எத்தனால் ஆண்டுக்கு (நவம்பர் முதல் அக்டோபர் வரை) ஒதுக்கியதில் கரும்பு சார்ந்தவை 30 சதவீதத்துக்கும் கீழே. மக்காச்சோளம் மட்டும் 45 சதவீதத்துக்கு மேல். 2023 டிசம்பர் 7 அன்று, சர்க்கரை விலை ஏறிவிடக் கூடாது என்று கரும்புச்சாற்றில் எத்தனால் எடுக்கவே அரசு தடை போட்டது. ஒரே வாரத்தில் கொஞ்சம் தளர்த்தி, 2024 ஆகஸ்டில்தான் முழுசாக நீக்கினார்கள். வட்டி மானியத்தை நம்பிக் கடன் வாங்கிக் கட்டிய ஆலை அத்தனை மாதமும் வட்டி கட்டிக்கொண்டுதான் இருந்தது.

முட்டை விலைக்கும் பெட்ரோல் வரிக்கும் என்ன சம்பந்தம்? நாமக்கல்காரர்கள் ஏன் கத்துகிறார்கள்?

நேரடிச் சம்பந்தம். முட்டைக்கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், முட்டை உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தீவனம். மக்காச்சோள எத்தனாலுக்கு அரசு வைத்த விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு, எல்லா மூலப்பொருளையும்விட அதிகம். ஒரு டன் மக்காச்சோளத்தில் 380 லிட்டர் வரை எடுக்கலாம், கிட்டத்தட்ட 27,300 ரூபாய். போதாததற்கு மிஞ்சும் சக்கையையும் விற்கலாம். பெரம்பலூர் காட்டுமேட்டில் விளைந்து நாமக்கல் பண்ணைக்குப் போகவேண்டிய சரக்குக்கு இப்படி ஒரு போட்டியாளர் வந்தால் விலை எங்கே நிற்கும்? மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-ல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கியது. மரபணு மாற்றிய சோளத்துக்கு இங்கே அனுமதி இல்லாததால் அமெரிக்காவிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ இஷ்டத்துக்கு இறக்கவும் முடியாது.

சுற்று இதோடு முடியவில்லை. எத்தனால் ஆலையில் மிஞ்சும் அந்தச் சக்கை, டிடிஜிஎஸ் என்பார்கள், புரதம் நிறைந்தது, மலிவாகத் தீவனச் சந்தைக்கு வந்தது. அது வந்ததும் சோயா புண்ணாக்கின் விலை சரிந்தது, மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர சோயா விவசாயிக்கு 2024-25-ன் ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 4,892 ரூபாய்கூட மண்டியில் கிடைக்கவில்லை. மக்காச்சோளம் விலை போகிறது என்று எல்லோரும் அதையே போட, 2025 கடைசியில் கர்நாடகத்தில் விளைச்சல் குவிந்து, குவிண்டால் ஆதரவு விலையான 2,400-க்கு வெகுகீழே போய் விவசாயிகள் சாலை மறித்தார்கள். ஒரு எரிபொருள் சலுகை இரண்டு பயிரின் விலையை ஆட்டிவிட்டது.

இதில் எனக்குச் சிரிப்பு வருகிற இடம் சத்துணவு முட்டை. தீவனம் ஏறினால் முட்டை ஏறும், முட்டை ஏறினால் சத்துணவுக்கு அரசு வாங்கும் முட்டையின் விலையும் ஏறும். டெல்லி விட்டுக்கொடுத்த வரியில் ஒரு துளியைச் சென்னை கட்டுகிறது.

அரிசியையும் எரிக்கிறார்களாமே?

ஆமாம். இந்திய உணவுக் கழகக் கிடங்கில் அரிசி வழிந்தால் எத்தனால் ஆலைகளுக்குக் கொடுப்பார்கள், குறைந்தால் நிறுத்துவார்கள். 2023 ஜூலையில் நிறுத்தினார்கள், 2025-ல் குவிண்டால் 2,250 ரூபாய்க்கு 52 லட்சம் டன் வரை ஒதுக்கினார்கள். அரசு வாங்கிச் சேமித்துவைக்கும் செலவு இந்த விலையைவிட அதிகம். அது வரிச்சலுகைக் கணக்கிலும் வராது, எத்தனால் மானியக் கணக்கிலும் வராது, உணவு மானியத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

அந்நியச் செலாவணி 1.44 லட்சம் கோடி மிச்சம் என்கிறார்களே, அது லாபம் இல்லையா?

2014-15 முதல் 2025 ஜூலை வரை அரசு சொல்லும் கணக்கு அது. டாலர் மிச்சம், உண்மைதான். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாட்டுக்கு அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் டாலர் மிச்சம் வேறு, லாபம் வேறு. வெளியே போகாத டாலருக்குப் பதில் அதைவிடக் கூடுதல் ரூபாயை உள்ளே கொடுக்கிறோம். அந்த ரூபாய் உள்ளூர் விவசாயிக்கும் ஆலைக்கும் போவது நல்லதுதான், அதே பணத்தில் அதைவிட நல்லது செய்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கழித்தலில் தண்ணீரையும் சேர்க்க வேண்டும்: கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக்கே எழுதியிருக்கிறது. கரும்புக்கு ஓடும் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், அது இன்னொரு மானியம்.

பிரேசிலில் மட்டும் எப்படி மக்கள் முணுமுணுக்காமல் போடுகிறார்கள்?

1975 முதல் ஐம்பது வருட அனுபவம், 2025 ஆகஸ்டிலிருந்து அங்கே பெட்ரோலில் 30 சதவீதம் எத்தனால். முக்கியமான வித்தியாசம், 2003-க்குப் பிறகு வந்த கார்கள் பெரும்பாலும் எதைப் போட்டாலும் ஓடும், பங்க்கில் தனி எத்தனாலுக்குத் தனிக் குழாய் இருக்கிறது. எத்தனால் விலை பெட்ரோலில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல், இது அங்கே சாதாரண டாக்சி ஓட்டுநருக்கும் மனப்பாடம். எத்தனாலுக்கு வரி குறைவு, அது பலகையில் விலையாகவே தெரியும். ஆற்றல் குறைந்த சரக்கைக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள், வேண்டும் என்கிறவன் வாங்குகிறான்.

இனி இந்தச் சலுகைகளைத் திரும்ப எடுக்க முடியுமா? இ27 வருமா?

2025-26-க்கு எண்ணெய் நிறுவனங்கள் கேட்டது 1,050 கோடி லிட்டர். ஆலைகள் தரத் தயார் என்று விலைப்புள்ளி கொடுத்தது 1,776 கோடி லிட்டர். எழுநூறு கோடி லிட்டருக்கு மேல் வாங்க ஆள் இல்லை, அந்த ஆலைகளில் பல வட்டி மானியத்தில் கடன் வாங்கிக் கட்டியவை, கடன் இன்னும் வங்கியில் நிற்கிறது. 20-க்கு மேல் கலக்கச் சொல்லி இப்போது சத்தமாகக் கேட்பவர்கள் அவர்கள்தான். பங்க்கில் கேட்பதற்குத் தனிக் குழாய் இல்லாததால், நம் தரப்பிலிருந்து அப்படி ஒரு விலைப்புள்ளி யாருக்கும் போய்ச்சேர்வதில்லை.